சுற்றுச்சூழல் பாடம் இருக்கும்போது சுற்றுச்சூழல் சட்டமும் ஏன் கற்பிக்கப்பட வேண்டும்?

இந்தியாவில் சுற்றுச்சூழல் கல்வி ஏற்கெனவே கட்டாயமாக இருக்க, சட்டத்தையும் எல்லோரும் கற்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் கற்க வேண்டும்.

அந்தப் பாடமே ஒரு வழக்கின் பயன்தான். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் பிறப்பித்த உத்தரவே அதற்கு அடித்தளம். ஆனால் ஓசோன் படலத்தையும் உணவுச் சங்கிலியையும் விளக்கும் நம் பாடநூல்கள், ஊர் ஆற்றில் ஆலைக்கழிவு கலந்தால் யாரிடம், எத்தனை நாளுக்குள் முறையிடுவது என்பதைப் போதிய அளவு சொல்வதில்லை. இது பெரும் குறை.

ஏனெனில் இந்தச் சட்டங்களில் காலக்கெடு மிகக் கடுமையானது. ஒரு திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு நேரும் விளைவுகளை முன்கூட்டியே மதிப்பிடச் சொல்லும் 2006-ஆம் ஆண்டு அரசு அறிவிக்கையின்படி, கருத்துக்கேட்புக் கூட்டம் தேவைப்படும் திட்டங்களுக்கு மக்களுக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தந்து, அந்த மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கத்தை மாநில மொழியிலும் வைக்க வேண்டும். திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டபின், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்களே உண்டு. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள்கள் கிடைக்கலாம், அதற்குமேல் இல்லை. இழப்பீடு கோருவதற்கோ 5 ஆண்டுகள் உண்டு. இந்த வேறுபாட்டை அறியாத ஒரு கிராமம், நியாயம் தன் பக்கம் இருந்தும் வழக்கை இழந்துவிடக்கூடும்.

சட்டக் கல்லூரிகளில் இது கட்டாயப் பாடம் என்பது நல்லதே. எனினும் முதலில் பாதிக்கப்படுபவர் உழவரும் மீனவரும் என்பதால், ஊராட்சி உறுப்பினர்களுக்கான பயிற்சியிலும் மேல்நிலை வகுப்புகளிலும், உண்மையான வழக்குகளைக் கொண்டு, தாய்மொழியில் இது கற்பிக்கப்பட வேண்டும்.