மழை பொய்த்தால் போர் வருமா? கேள்வி பதில்

கேள்வி: சார், தண்ணீரும் நிலமும் குறைந்தால் மக்கள் வெட்டிக்கொள்வார்கள் என்பது உண்மையா?

பதில்: தானாக அப்படி நடப்பதில்லை. மழை பொய்த்த ஊர்களில் பெரும்பாலும் கடன் வாங்குவார்கள், மாட்டை விற்பார்கள், பிழைப்பு தேடிக் கிளம்புவார்கள். வழக்கைத் தீர்த்துவைக்க ஆள் இல்லாமல், துப்பாக்கி கொடுக்க மட்டும் ஆள் இருந்தால்தான் விபரீதம்.

கேள்வி: ஆனால் சூடான் நாட்டின் டார்ஃபூர் போருக்கே வறட்சிதான் காரணம் என்கிறார்களே?

பதில்: 2007இல் ஐ.நா. பொதுச்செயலர் பான் கி-மூனே அப்படி எழுதினார். பாதி சரி. டார்ஃபூர் இருக்கும் மேற்கு சூடானில் அறுவடை முடிந்ததும் ஒட்டகக்காரர்கள் தெற்கே இறங்குவார்கள். வயலில் மிஞ்சிய தட்டையை ஒட்டகம் மேயும், சாணம் மண்ணுக்கு உரமாகும். 1983-84 பஞ்சத்தை ஒட்டி இது முறிந்தது. உழவர்கள் வேலி போட்டார்கள், மேய்ச்சல் தடங்கள் அடைபட்டன. முன்பெல்லாம் இரு தரப்புத் தலைவர்களும் உட்கார்ந்து இழப்பீடு பேசி முடிப்பார்கள். அந்தப் பழைய நிர்வாகத்தை 1971இலேயே அன்றைய சூடான் ஆட்சியாளர் நிமெய்ரியின் அரசு கலைத்துவிட்டது. அப்புறம் 2003இல் அரசுக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. தலைநகர் கார்ட்டூமில் இருந்த அரசு, மேய்ப்பர் குழுக்கள் சிலவற்றிலிருந்து ஜன்ஜவீத் படையைத் திரட்டி ஆயுதம் கொடுத்தது. இத்தனைக்கும் 1984ஐ விட அந்த ஆண்டுகளில் மழை தேவலை! பழியை வானத்தின் மேல் போட்டால் கார்ட்டூமுக்குத்தான் வசதி.

கேள்வி: வளம் கொட்டிக் கிடக்கும் இடத்திலும் சண்டை நடக்கிறதே, அது எப்படி?

பதில்: நல்ல கேள்வி. பப்புவா நியூ கினியின் போகன்வில் தீவைப் பாருங்கள். பாங்குனா செம்புச் சுரங்கம் 1972இல் உற்பத்தியைத் தொடங்கியது. கழிவு முழுக்க ஜாபா ஆற்றுப் படுகையில் போய்ச் சேர்ந்தது. மீன் போயிற்று, தோட்டம் போயிற்று. அங்கே பெரும்பாலும் நிலம் தாய்வழியில் வருவது. ஒப்பந்தம் பேசியதோ ஆண்களோடு. வருமானத்தில் பெரும்பகுதி தீவுக்கு வெளியே போய்விட்டது. 1988இல் நில உரிமையாளர்கள் சிலர் சுரங்கத்தின் வெடிமருந்தையே திருடி மின்கோபுரங்களைத் தகர்த்தார்கள். மறு ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது, கிளர்ச்சிக்காரர்களுக்கும் அரசுக்கும் மூண்ட போரோ 1998 வரை நீடித்தது. 2019 வாக்கெடுப்பில் தீவினர் ஏறக்குறைய 98 விழுக்காடு தனிநாடு கேட்டார்கள். ஆற்றில் அந்தக் கழிவு இன்னும் கிடக்கிறது.

கேள்வி: அடுத்த உலகப் போர் தண்ணீருக்காகத்தானாமே?

பதில்: மேடைப் பேச்சுக்கு நன்றாக இருக்கும். தண்ணீருக்காக நாடுகள் நேருக்கு நேர் மோதியதற்கு உதாரணம் கேட்டால், சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய லகாஷ், உம்மா என்ற சுமேரிய நகரங்களைத்தான் முதலில் காட்டுவார்கள். அதற்குப் பிறகு ஒப்பந்தங்களே அதிகம். 1960ஆம் ஆண்டு சிந்து நதி ஒப்பந்தம் 1965, 1971 போர்களையே தாண்டி நின்றது. 2025இல் இந்தியா அதை நிறுத்திவைத்ததும் தண்ணீர்த் தகராறால் அல்ல, பஹல்காம் தாக்குதலைத் தொடர்ந்து. நாடுகளுக்கு நடுவே வருவதைவிட, ஒரே நாட்டுக்குள் கிணற்றடியிலும் மேய்ச்சல் தடத்திலும் வரும் சண்டையில்தான் ஆட்கள் அதிகம் சாகிறார்கள். அது தலைப்புச் செய்தி ஆவதில்லை, அவ்வளவுதான்.