ஸ்பெயின் மலைகளில் நடந்து படமெடுக்க எந்தப் பருவம் சரி?

ஒரு தடவைதான் போக முடியும் என்றால் அக்டோபர் கடைசியில் போங்கள். இடம், ஸ்பெயினின் வடக்கே பிரெனீஸ் மலைத்தொடரில் உள்ள ஓர்தேசா பள்ளத்தாக்கு. 1918 முதல் தேசியப் பூங்கா. அக்டோபர் கடைசியில் பீச் (beech) மரங்கள் மஞ்சளும் செம்பும் கலந்து நிற்கும், கோடைக் கூட்டமும் வடிந்திருக்கும்.

பள்ளத்தாக்கு கிழக்கு மேற்காக ஓடுகிறது. அதனால் தெற்குப் பக்கக் காடு வெகுநேரம் நிழலிலேயே கிடக்க, எதிரே வடக்குச் சுவரின் பாறை வெயிலில் பளீரென்று இருக்கும். இரண்டையும் ஒரே படத்தில் அடக்கப் பார்த்தால் ஒன்று வெளுக்கும், இல்லை மற்றது கறுக்கும். நிழலை மட்டும் எடுங்கள்: ஈர இலை, அராசாஸ் ஆற்றின் பாசிக்கல். லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் ஃபில்டரை மெதுவாகத் திருப்பினால் இலையின் மினுமினுப்பு அடங்கி நிறம் மேலே வரும். முக்காலி கட்டாயம் (சுமக்க எரிச்சல்தான்).

அருவிகள்தான் வேண்டுமென்றால் பனி உருகும் மே, ஜூன். கோடையில் மதியத்துக்கு மேல் இடிமழை வரும், விடிகாலையிலேயே கிளம்பிவிடுங்கள். நாட்டின் தெற்கே சியர்ரா நெவாடா மலைத்தொடரின் முலாசென் சிகரம், சுமார் 3,480 மீட்டர், ஏற ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை வசதி. குளிர்காலத்தில் பனிச்சரிவு அபாயம் உண்டு. அனுபவமில்லாமல் தனியாகப் போகவே வேண்டாம். அப்புறம், கேமரா பேட்டரியைச் சட்டைக்குள் வையுங்கள், குளிரில் சீக்கிரம் தீர்ந்துவிடும்.