மீட்டிங் நடக்குது, குழந்தைக்கு மட்டும் ஒண்ணும் நடக்கல - என்ன பண்றது?

உள்ளாட்சி ஆபீஸ்ல வேலை பாக்குற ஒருத்தர் கேட்டிருக்கார்: “ஸ்கூல், ஹெல்த், சமூகநலம், போலீஸ் எல்லாரும் மாசாமாசம் உக்காந்து பேசுறோம், மினிட்ஸும் போடுறோம், ஆனா குழந்தைங்களுக்கு ஒரு மாற்றமும் தெரியல. இப்ப எல்லா துறைக்கும் பொதுவா ஒரு வழிகாட்டி எழுதித் தரச் சொல்றாங்க. அதுல என்ன எழுதுறது?”

மீட்டிங் அட்டவணையை கடைசி பக்கத்துக்கு தள்ளிடுங்க சார். ஒரு குழந்தை விஷயத்துல ரெண்டு துறைக்கு மேல கை வச்சா, முன்னாடி நிக்கப் போற ஒரு ஆள் யாரு, அவரை யாரு நியமிக்கணும், எத்தனை நாளுக்குள்ள, இதுதான் முதல் பக்கத்துல வரணும். துறை பேரு போதாது, ஆளோட பேரு வேணும். “அனைத்து துறைகளும் ஒருங்கிணைந்து செயல்பட வேண்டும்”னு எழுதி வச்சா படிக்க நல்லா இருக்கும், அதைப் படிச்சுட்டு ஒருத்தரும் போனை எடுக்க மாட்டாங்க.

2000-ல லண்டன்ல விக்டோரியா கிளிம்பியேன்னு 8 வயசு பொண்ணு, வளர்க்குறோம்னு கூட்டிட்டு வந்தவங்க கொடுமைல இறந்துபோச்சு. அந்தப் பொண்ணு எந்த ஆபீஸ் கண்ணுலயும் படாம இல்ல, 4 சமூகநலத் துறை, போலீஸோட 2 குழந்தைப் பாதுகாப்பு டீம், 2 ஆஸ்பத்திரி, இத்தனை பேருக்கும் தெரிஞ்ச குழந்தை. 2003-ல வந்த லார்ட் லேமிங் விசாரணை அறிக்கை, தலையிட குறைஞ்சது 12 வாய்ப்பு இருந்துச்சுன்னு சொல்லி 108 பரிந்துரை குடுத்துச்சு, அடுத்த வருஷமே அங்க குழந்தைகள் சட்டம் கொண்டு வந்து துறைகள் ஒத்துழைக்கணும்னு கடமையாவே ஆக்கினாங்க. அந்தப் பொண்ணு விஷயத்துல ஆளாளுக்கு ஒரு துண்டு தெரிஞ்சிருந்துச்சு, மொத்தமா பாக்க ஆள் இல்ல.

உங்க ஊர்ல இது இவ்ளோ பயங்கரமா இருக்கணும்னு இல்ல, சாதாரணமாவே நடக்கும். டீச்சர் ரிஜிஸ்டர்ல “அடிக்கடி லீவு”ன்னு இருக்கும், கிளினிக் கார்டுல “ரெண்டு தடவை வரச்சொல்லி வரல”ன்னு இருக்கும், வீட்டுவசதி ஃபைல்ல “வாடகை பாக்கி, நோட்டீஸ் அனுப்பியாச்சு”ன்னு இருக்கும். தனித்தனியா பாத்தா மூணுமே சப்ப மேட்டர், எந்த ஆபீஸும் பதற வேண்டியதில்ல, ஆனா மூணையும் ஒரே டேபிள்ல வச்சா அந்த வீடு ஆட்டம் கண்டுருச்சுன்னு யாருக்கும் புரியும். அந்த டேபிள் யாரோடதுன்னுதான் உங்க வழிகாட்டி சொல்லணும்.

இதுக்கு ஸ்காட்லாந்து முறையை நான் தைரியமா காப்பி அடிக்கச் சொல்வேன். அங்க யாரு குழந்தையைப் பாத்தாலும் அஞ்சே கேள்வி: இந்தக் குழந்தையோட நலனுக்கு எது குறுக்க நிக்குது, எனக்கு தெரிய வேண்டியது எல்லாம் தெரியுமா, நான் இப்பவே என்ன செய்யலாம், என் துறை என்ன செய்யலாம், வெளிய யார்கிட்ட உதவி கேக்கணும். வரிசையை கவனிங்க, மத்த துறைக்கு லெட்டர் போடுறது கடைசிலதான் வருது, நம்மாளுங்க அங்கதான் ஆரம்பிப்பாங்க! அங்க 2014-ல வந்த குழந்தைகள் சட்டப்படி உள்ளாட்சியும் ஹெல்த் போர்டும் சேர்ந்து 3 வருஷத்துக்கு ஒரு திட்டம் போடணும், அதையும் எடுத்துக்கலாம், பட்ஜெட் தனித்தனியா ஓடுற வரைக்கும் ஒத்துழைப்பு பேச்சளவுலதான் நிக்கும்.

தகவல் பகிர்றதுல மட்டும் உஷாரா இருங்க. அதே ஸ்காட்லாந்து சட்டத்துல ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பொறுப்பாளர் வச்சு, துறைங்க அவர்கிட்ட தகவல் குடுக்கணும்னு இருந்த பகுதியை 2016-ல பிரிட்டன் சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கல, நோக்கம் சரி ஆனா தகவல் பகிர்ற விதிங்க தனியுரிமையை மீறுதுன்னு சொல்லிட்டாங்க. அதனால எதை, யாருக்கு, எதுக்காக குடுக்கலாம், எப்ப பெத்தவங்க சம்மதம் வேணும், குழந்தைக்கு ஆபத்துன்னா எப்ப சம்மதத்துக்காக காத்திருக்கக் கூடாது, இதெல்லாம் உதாரணத்தோட எழுதணும். எழுதலன்னா பாதி பேரு எல்லாத்தையும் வாட்ஸப் குரூப்ல கொட்டுவாங்க, மீதி பேரு பயந்துட்டு எதையுமே சொல்ல மாட்டாங்க. சாஃப்ட்வேர் வாங்கிட்டா சரியாயிடும்னு யாராச்சும் சொன்னா, இங்கிலாந்துல எல்லா குழந்தைக்கும் சேர்த்து காண்டாக்ட்பாயிண்ட்னு ஒரு டேட்டாபேஸ் கட்டி 2010-ல மூடினதைச் சொல்லுங்க.

அப்புறம், குழந்தைகிட்டயும் கேளுங்க. 1989 ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை 12-ஆவது பிரிவு இதைத்தான் சொல்லுது. படிவத்துல “குழந்தை என்ன சொன்னது”ன்னு ஒரு கட்டம் போட்டு, அது காலியா இருந்தா ஃபைல் நகரக் கூடாதுன்னு வைங்க.

முன்னாடி நிக்கிற ஆள் டிரான்ஸ்ஃபர் ஆனாலோ நீண்ட லீவுல போனாலோ அடுத்தவர் பேரு போட்டு கையெழுத்து வாங்குற வரைக்கும் பொறுப்பு அவரோட மேலதிகாரிதுன்னு ஒரு வரி சேத்துடுங்க, ரெண்டு துறை ஒத்துப்போகலன்னா முடிவு யாருதுன்னும் பதவியோட எழுதிடுங்க. டிராஃப்ட் ரெடியானதும் பழைய கேஸ் ஒண்ணை, பேரெல்லாம் எடுத்துட்டு, புதுசா சேர்ந்த ஒரு கிளார்க் கைல குடுத்து, இதைப் பாத்து யாருக்கு முதல் போன் பண்ணுவீங்கன்னு கேளுங்க. பதில் சொல்ல முடியலன்னா திருப்பி எழுதுங்க.