1984-ல் ஏறாத ரயில்

கேள்வி: எனக்கு வயது 62. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கூட்டுறவு சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மூன்று மாதம் முன்பு வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய கவர் கிடைத்தது. 1984 ஜூனில் பம்பாயிலிருந்து எனக்கு வந்த வேலை உத்தரவு. ஸ்டெனோ வேலை, மாதம் 650 ரூபாய். அப்போது அப்பாவுக்கு டி.பி. தோப்பூர் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தார். தினமும் ஊசிக்கு ஆறு கிலோமீட்டர் சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போனது நான்தான். அதனால் பம்பாய்க்குப் போகவில்லை. என்னோடு ஷார்ட்ஹேண்ட் படித்தவன் போனான். இன்று முலுண்டில் சொந்த வீடு, மகன் கனடாவில். அப்பாவோ குணமாகி 2006 வரை இருந்தார். எப்படியும் பிழைத்துவிட்டாரே, போயிருக்கலாமே என்று ராத்திரி பூராவும் மனசு ஓடுகிறது. ஒருநாள் மனைவியிடம், “அன்னைக்கு ரயில் ஏறியிருந்தா என் வாழ்க்கையே வேற” என்று சொல்லிவிட்டேன். “அப்ப நான் யாரு?” என்று கேட்டாள். அதிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் அன்று செய்தது தப்பா? அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: அண்ணாச்சி, நானும் கோவில்பட்டிப் பக்கம்தான், அந்த உரிமையில் அப்படியே கூப்பிடுகிறேன்.

உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையில் என் கண் நின்றுவிட்டது. “எப்படியும்.” எப்படியும் பிழைத்துவிட்டார் என்கிறீர்கள். 1984 ஜூனில் அது யாருக்குத் தெரியும்? உங்களுக்குத் தெரியாது, ஊசி போட்டவருக்கும் தெரியாது. அப்பா 2006 வரை இருந்தார் என்ற செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு, அது தெரியாத ஒரு 21 வயசுப் பையனைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறீர்கள்.

இது உங்களுக்கு மட்டும் வந்த கோளாறு இல்லை. 1975-ல் பாரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். 1814-ல் ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த சண்டையைப் பற்றி மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார். சிலரிடம் ஆங்கிலேயர் ஜெயித்ததாகச் சொன்னார், சிலரிடம் கூர்க்காக்கள் ஜெயித்ததாக. பிறகு, முடிவு தெரியாதவர்களாக நினைத்துக்கொண்டு எது நடக்க வாய்ப்பு அதிகம் என்று கணியுங்கள் என்றார். தனக்கு எந்த முடிவைச் சொன்னார்களோ, அதற்கே வாய்ப்பு அதிகம் என்று பெரும்பாலும் சொன்னார்கள். நடந்து முடிந்தது என்று கேள்விப்பட்டதும், அது நடந்தே தீர வேண்டியதாக மனசுக்குத் தோன்றிவிடுகிறது.

சரி, அந்த ஜூன் மாதத்துக்கே போவோம். உங்கள் ஊர் அப்போது ராமநாதபுரம் மாவட்டம். மறு வருடம்தான் காமராஜர் மாவட்டம் என்று தனியாகப் பிரிந்தது. டி.பி. என்று அந்தப் பக்கம் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், “நெஞ்சு வியாதி” என்பார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அது வந்தபோது, அவர்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. அந்தப் பெரியவரின் டம்ளர் திண்ணை ஓரத்தில் தனியாகக் கவிழ்ந்து கிடக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் பக்கத்து இலை காலியாகவே இருக்கும். அப்படியொரு காலத்தில் அப்பாவை கேரியரில் உட்காரவைத்து, ஊர் பார்க்க, தினமும் ஆறு கிலோமீட்டர் மிதித்திருக்கிறீர்கள். கடிதத்தில் அது ஒரே வரியில் போய்விட்டது. பம்பாய்க்குப் பாதிக் கடிதம்.

அன்றைய டி.பி. வைத்தியமும் இன்றைய மாதிரி ஆறு மாதத்தில் முடிகிற சமாச்சாரம் இல்லை. பல இடங்களில் ஒரு வருடம், ஒன்றரை வருடம் என்று நீளும். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி சிலருக்குத் தலைசுற்றலைக் கொடுக்கும், நடை தள்ளாடும். அதைவிடப் பெரிய வில்லங்கம், இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறியதும் “எனக்குத்தான் சரியாயிடுச்சே” என்று ஆளே வைத்தியத்தை நிறுத்திவிடுவார். பாதியில் நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பி வரும். மருந்துக்குக் கட்டுப்படாததாகவும் வரலாம். இந்தத் தொல்லைக்காகத்தான் 1997-ல் தொடங்கி நாடு முழுக்க விரிந்த டி.பி. திட்டத்தில், நோயாளி மாத்திரையை விழுங்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்க ஒரு ஆளைப் போட்டார்கள். உங்கள் வீட்டில் அந்த ஆள் 1984-லேயே சைக்கிளோடு இருந்திருக்கிறார். நீங்கள் போயிருந்தாலும் அப்பா பிழைத்திருப்பாரா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் “எப்படியும்” என்ற வார்த்தையை நான் அடித்துவிடுகிறேன்.

இனி பம்பாய். நீங்கள் கற்பனை செய்கிற பம்பாயில் முலுண்டு வீடு மட்டும்தான் இருக்கிறது. 1982 ஜனவரி 18-ல் தொடங்கிய மில் ஸ்டிரைக்கில் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலைக்குப் போகாமல் நின்ற ஊர் அது. நீங்கள் போய் இறங்கியிருக்கும்போது, திரும்பி வேலை கிடைக்காமல் அலைந்தவர்கள் ஏராளம். மாட்டுங்காவில் ஒரே அறையில் எத்தனை பேர் பாய் விரித்தார்கள் என்பதை அந்தக் கால ஸ்டெனோ யாரிடமாவது கேளுங்கள். வேறு யார், உங்கள் நண்பரையே கேளுங்கள். “இப்ப எப்படி இருக்கே” என்று கேட்காமல், “84 மழைக்காலத்துல எங்கே படுத்தே, யார் சமைச்சா, ஊருக்கு வர எத்தனை வருஷம் ஆச்சு” என்று கேளுங்கள். தொண்ணூறுகளில் மேஜைக்கு மேஜை கம்ப்யூட்டர் வந்தபோது, ஸ்டெனோ நோட்டுக்கும் ரெமிங்டன் டைப்ரைட்டருக்கும் என்ன கதி ஆனது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அவர் நன்றாக இருப்பதில் எனக்கும் சந்தோஷம். அது அவர் பட்ட பாடு. உங்கள் கணக்கில் அதை வரவு வைக்க முடியாது.

என் கதை ஒன்று. 1985-ல் நானும் இங்கிலீஷ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். நிமிடத்துக்கு 45 வார்த்தை. மெட்ராஸில் வேலை கிடைத்தும் அப்பா அனுப்பவில்லை என்று முப்பது வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இதே பத்திரிகையில் எழுதியும் இருக்கிறேன். ஒரு தீபாவளிக்கு அக்கா வந்திருந்தபோது அதையே திரும்ப ஆரம்பித்தேன். முறுக்குப் பிழிந்துகொண்டே, “அப்பா எங்கடி வேண்டாம்னாரு? ஹாஸ்டலுக்குப் போகமாட்டேன்னு மூணு நாள் அழுதது நீ. டிக்கெட் எடுத்துட்டு வந்து கேன்சல் பண்ணாரு மனுஷன்” என்றாள். எனக்குச் சண்டை போடக்கூட வாய் வரவில்லை. அழுதது லேசாக ஞாபகமும் வந்தது. பத்து வயதுக்கும் முப்பதுக்கும் நடுவில் நடந்ததுதான் வயசானவர்களுக்கு அதிகம் ஞாபகம் வரும் என்பார்கள். அதிகம் வருகிறது என்பதற்காக எல்லாம் சரியாகவே வரும் என்றில்லை. உங்கள் கூடப்பிறந்தவர்கள் யாராவது இருந்தால் அந்த ஜூன் மாதத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத ஏதாவது ஒன்று கட்டாயம் கிடைக்கும்.

வீட்டம்மா விஷயத்துக்கு வருகிறேன். அங்கேதான் நீங்கள் நிஜமாகவே தப்புச் செய்திருக்கிறீர்கள். 41 வருடத்துக்கு முந்தைய தப்பு இல்லை, இந்த மூன்று மாதத்துக்குள் செய்தது. அவர் கேட்டது சண்டைக்காகக் கேட்ட கேள்வி என்று நினைக்கிறீர்களா? பதில் வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறார். நீங்கள் இன்னும் சொல்லவில்லை. “சும்மா சொன்னேம்மா, அதைப் போய்ப் பெருசா எடுத்துக்கிட்டு” என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், தயவுசெய்து.

கவரை எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுங்கள். இங்கிலீஷ் படிக்க வராது என்றால் வாசித்து அர்த்தம் சொல்லுங்கள். ஊசி, சைக்கிள், கேரியர் எல்லாவற்றையும் சொல்லுங்கள். மாமனாருக்கு அப்படி ஒரு வியாதி இருந்தது அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம், பெண் பார்க்கப் போகும்போது அதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. சொல்லி முடித்ததும் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. 1984-ல் அவர் எங்கே இருந்தார்? என்ன படித்துக்கொண்டிருந்தார், அல்லது எப்போது நிறுத்தினார்கள்? எந்த ஊருக்கு, எந்த வேலைக்கு, யாருக்காகப் போகாமல் இருந்தார்? உங்கள் கடிதம் இரண்டு பக்கம். அவரைப் பற்றி இருப்பது அவர் கேட்ட அந்த ஒரு கேள்விதான்.

தூக்கம் வராதது மூன்று மாதமாகத் தொடர்கிறது என்பதை மட்டும் நான் லேசாக விடமாட்டேன். விடியக்காலை முழிப்பு, சாப்பாட்டில் பிடிப்பில்லாமை இதெல்லாமும் சேர்ந்திருந்தால் ஒரு டாக்டரைப் பாருங்கள். போக யோசனையாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

கடிதத்தைக் கிழிக்க வேண்டாம். வேலைக்குப் போகவில்லை என்று தெரிந்தும் அப்பா அதைப் பெட்டியில் வைத்திருந்திருக்கிறார், 22 வருடம். லேமினேஷனும் வேண்டாம், பழைய தாளுக்கு அந்தச் சூடு ஆகாது. போனில் ஒரு படம் எடுத்துவிட்டு வேறு காகித உறையில் போட்டு வையுங்கள். குண்டூசி குத்தியிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள், துரு இறங்கியிருக்கும்.