வெடிமருந்து கூடிப்போன தோட்டாவைப் பற்றி ஏன் இத்தனை நகைச்சுவை?

அமெரிக்காவில் சிலர் சுட்டு முடித்த பித்தளைக் கூட்டில் மருந்தும் குண்டும் வைத்து, தாங்களே மறுபடி தோட்டா செய்துகொள்வார்கள். அங்கே அது பொழுதுபோக்கு. நம் மலேசியாவில் 1960 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஒரு தோட்டா வைத்திருந்தாலே குற்றம்.

"சுட்டதும் குறியைத் தேடாதே, துப்பாக்கியின் மேல்பாதி எங்கே விழுந்தது என்று தேடு" என்பது இப்படித் தோட்டா செய்பவர்களுக்குள் ஓடும் கேலி. சிரிப்புக்குப் பின்னால் நிஜமான பயம் இருக்கிறது. 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தரப்படி உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு அழுத்தம். அளவுக்கு மேல் மருந்து போட்டால் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் மருந்து இன்னும் வேகமாக எரியும். அதனால் மறுபடி அழுத்தம் ஏறும். கூடு சின்னது, விரிய இடமில்லை. பித்தளை கிழிந்து சுடுவாயு கைப்பக்கம் பாயும்.

சுங்கை சிப்புட் பக்கம் பெருநாள் சமயத்தில் பையன்கள் மூங்கில் பீரங்கி வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கார்பைடு கொஞ்சம் கூடினால் மூங்கிலே பிளந்துவிடும், விரலும் போகும். அதே கதைதான்.

அப்புறம், மருந்தை இரண்டு மடங்காக்கினால் குண்டின் வேகமும் இரண்டு மடங்காகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, வேகம் கொஞ்சம்தான் கூடும், அழுத்தம்தான் எகிறும்.