அந்தக் காலத்து நாணயம்

இம்மாதம் வந்த கடிதங்களில் பல, வெவ்வேறு சொற்களில் ஒரே மனக்குறையைச் சொல்கின்றன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த ஒன்றுக்கே இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 74. எங்கள் இளமையில் வாய்ச்சொல்லே பத்திரமாக இருந்தது. கடன் கொடுத்தவர் எழுதி வாங்கவில்லை, வாங்கியவர் ஏமாற்றவும் இல்லை. இன்று கையெழுத்திட்ட தாளுக்கே மதிப்பில்லை. மனிதர்களிடம் நேர்மை இப்படி அற்றுப்போனதற்குக் காரணம் என்ன?

பதில்: ஐயா, காரணத்தைத் தேடப் புறப்படுவதற்கு முன், அப்படி ஒன்று நடந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. ஆசிரியராக இருந்தவர் நீங்கள். விடை தவறாக இருப்பதைவிடக் கேள்வியே தவறாக இருப்பது எவ்வளவு சிக்கல் என்பது உங்களுக்குத் தெரியும்.

கி.மு. 700-ஐ ஒட்டி வாழ்ந்த கிரேக்கக் கவிஞர் ஹீஸியட், தான் வாழ்வது மனித குலத்தின் ஐந்தாவதும் மிகக் கீழானதுமான இரும்புக் காலம் என்று பாடினார். இதற்கு முன்பே இறந்திருக்கலாம், அல்லது இதற்குப் பின் பிறந்திருக்கலாம் என்று ஏங்கினார். சத்தியத்தைக் காப்பவனுக்கு மதிப்பில்லாத நாள் வரும், பெற்றவரைப் பிள்ளைகள் மதிக்கமாட்டார்கள் என்றெல்லாம் அதில் வருகிறது. அந்தப் புலம்பலுக்குப் பின்னால் ஒரு வீட்டுச் சண்டையும் இருந்தது என்பதுதான் சுவை: தந்தையின் சொத்தைப் பிரித்ததில் உடன்பிறந்தவன் கூடுதலாக எடுத்துக்கொண்டான் என்றும், தீர்ப்புச் சொன்னவர்கள் கையூட்டு வாங்கினார்கள் என்றும் அவரே அதே பாடலில் சொல்கிறார். உலகம் கெட்டுப்போனது என்ற முடிவுக்கு நம்மில் பலரும் வந்து சேர்வது ஒரு பாகப்பிரிவினையின் வழியாகத்தான். ரோமாபுரியின் ஹொரேஸ் இன்னும் சுருக்கமாக முடித்தார்: பாட்டனைவிடத் தந்தை தாழ்ந்தவன், தந்தையைவிட நாம் தாழ்ந்தவர்கள், நம் பிள்ளைகள் நம்மையும் மிஞ்சுவார்கள் என்று கி.மு. 23-ஐ ஒட்டி வெளியான பாடல் ஒன்றில் எழுதினார். தலைமுறைக்கு ஒரு படி என்று அன்றிலிருந்து இறங்கிக்கொண்டே வந்திருந்தால், இப்போது நாம் நிற்க ஒரு படியும் மிஞ்சியிருக்காது. (இளைஞர்கள் பெரியவர்களை மதிப்பதில்லை என்று சாக்ரடீஸ் சொன்னதாகக் கைப்பேசிகளில் சுற்றும் வாசகத்தை இந்த வரிசையில் சேர்க்க வேண்டாம். அது 1907-இல் அச்சான ஓர் ஆங்கில ஆய்வுநூலில், அதன் ஆசிரியர் பழைய கிரேக்கர்களின் குறைகளைத் தொகுத்து எழுதிய வரி. பிறகு சாக்ரடீஸின் தலையில் கட்டப்பட்டது. நேர்மை குறைந்துவிட்டது என்பதற்குச் சான்றாகப் பொய் மேற்கோளை அனுப்புகிறோம்!)

வணிக நாணயத்துக்கு வருவோம். இன்றைய இராக்கில் இருந்த ஊர் என்ற பழம்பெரும் நகரில், ஏறத்தாழ கி.மு. 1750-இல், நன்னி என்பவர் செம்பு வியாபாரியான ஏயா-நாசிர் என்பவருக்குக் களிமண் பலகையில் ஒரு புகார்க் கடிதம் எழுதினார். தரமற்ற செம்பைக் காட்டி, வேண்டுமானால் எடு, வேண்டாவிட்டால் போ என்று தன் ஆளை அவமதித்து அனுப்பினாய் என்பது குற்றச்சாட்டு. அந்தப் பலகை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கௌடில்யரின் அர்த்தசாத்திரம் அரசுப் பணத்தைக் கையாடல் செய்யும் வழிகள் 40 என்று எண்ணிக்கையிட்டு அடுக்குகிறது. வள்ளுவர் கூடாவொழுக்கம், கள்ளாமை, வாய்மை என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார்; இல்லாத நோய்க்கு எந்த மருத்துவரும் முப்பது மருந்து எழுதுவதில்லை.

இவை பழங்கதைகள் என்று தள்ளிவிடலாம் என்பதால் அண்மைக்கால ஆய்வு ஒன்றையும் சொல்கிறேன். ஆடம் மாஸ்திரயானி, டேனியல் கில்பர்ட் என்னும் இரு உளவியலாளர்கள் 2023-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, குறைந்தது 60 நாடுகளில் மக்கள் ஒழுக்கம் சரிந்துவருவதாக நம்புகிறார்கள்; குறைந்தது 70 ஆண்டுகளாக அப்படி நம்பிவருகிறார்கள். ஆனால் அவரவர் காலத்தில் தம்மைச் சுற்றியிருந்தவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள், தம்மை மரியாதையாக நடத்தினார்களா என்று ஆண்டுதோறும் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு வந்த பதில்களை அடுக்கிப் பார்த்தால், அவற்றில் சரிவு தென்படவில்லை. என்னைச் சிரிக்கவைத்த முடிவு ஒன்று உண்டு: நீங்கள் பிறப்பதற்கு முந்தைய பத்தாண்டுகளில் ஒழுக்கம் சரிந்ததா என்று கேட்டால், அப்போது சரிவு எதுவும் இல்லை என்கிறார்கள். வீழ்ச்சி அவரவர் பிறந்த பிறகுதான் தொடங்குகிறது. இளைஞர்களும் இதையே சொல்கிறார்கள் என்பதால், இது முதுமையின் குற்றமும் அன்று. கெட்ட நினைவின் கசப்பு நல்ல நினைவின் இனிமையைவிட விரைவில் தேய்ந்துவிடுவதும், இன்றைய செய்திகளில் தீமைக்கே முதலிடம் கிடைப்பதும் இந்த மயக்கத்துக்குக் காரணங்களாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

ஆனாலும் ஐயா, உங்கள் கடிதத்தை மயக்கம் என்று மூடிவைக்க எனக்கு மனம் வரவில்லை. எழுதி வாங்காமல் கடன் கொடுத்தவர் யாருக்குக் கொடுத்தார்? தகப்பன் யார், தாய்மாமன் யார், போன ஆண்டு யாரிடம் என்ன வாங்கி எப்போது திருப்பினான் என்றெல்லாம் தெரிந்த ஒருவனுக்குக் கொடுத்தார். முன்பின் தெரியாத வழிப்போக்கனுக்கு அந்தக் காலத்திலும் அவர் முடிச்சை அவிழ்த்திருக்கமாட்டார். அன்று பத்திரமாக இருந்தது வாய்ச்சொல் மட்டுமன்று, அதைச் சொன்ன முகமும்தான். மறுநாள் காலையில் அதே முகத்தோடு எதிரே வரவேண்டியிருந்தது. ஏமாற்றியவன் போய் ஒளிய இடமில்லை. இன்று நம்முடைய கொடுக்கல் வாங்கலில் பெரும்பகுதி முகம் தெரியாதவர்களோடு நடக்கிறது. முகம் செய்த வேலையை ரசீதும் ஒப்பந்தமும் கடவுச்சொல்லும் செய்கின்றன. நீங்கள் இழந்தது நேர்மையை என்று நான் நினைக்கவில்லை. நேர்மையை முகம் பார்த்து அறிந்துகொள்ளும் வசதியை இழந்திருக்கிறீர்கள். அது சிறிய இழப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: ஆய்வுகளைக் காட்டி மூத்தவர்களின் அனுபவத்தை மட்டம் தட்டுவது உங்களைப் போன்றவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. மக்கள் ஒருவரை ஒருவர் நம்புவதில்லை என்பதும் ஆய்வில் வந்ததுதானே?

பதில்: வந்ததுதான். பெரும்பாலானவர்களை நம்பலாமா என்ற கேள்விக்கு, அமெரிக்காவில் 1972-இல் நூற்றுக்கு 46 பேர் அளவில் ஆம் என்றார்கள். 2018-இல் அது 34 அளவுக்கு இறங்கியிருந்தது. ஆனால் நம்பிக்கை குறைவதும் நாணயம் குறைவதும் ஒன்றல்ல. அதே நாட்டில் 1956 முதல் 2017 வரை, முன்பின் அறியாதவர்கள் தமக்குள் ஒத்துழைக்கிறார்களா அல்லது தன்னலம் பார்க்கிறார்களா என்று சோதித்த 511 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஒத்துழைப்பு சற்றே கூடியிருந்தது. அதாவது, நடத்தை கெடவில்லை. பிறர் நடத்தையைப் பற்றிய எண்ணம்தான் கெட்டிருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். 40 நாடுகளில் 355 நகரங்களில், 17,000-க்கு மேற்பட்ட பணப்பைகளைக் கீழே கிடந்ததாகச் சொல்லி வங்கி, விடுதி, அஞ்சலகம் போன்ற இடங்களின் வரவேற்பாளர்களிடம் கொடுத்துவிட்டு, உரியவருக்குத் தகவல் வருகிறதா என்று பார்த்தார்கள். முடிவு 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. பணமே இல்லாத பைகளுக்கு நூற்றுக்கு 40 அளவில் தகவல் வந்தது. பணம் இருந்தவற்றுக்கு 51. மூன்று நாடுகளில் பெருந்தொகை வைத்துச் சோதித்தபோது 72. பணம் கூடினால் பை திரும்பாது என்றுதான் முன்கூட்டிக் கேட்கப்பட்ட பொதுமக்கள் கணித்திருந்தார்கள். நூற்றுக்கு 40 என்பது பெருமைப்படும் எண்ணிக்கை இல்லை என்று நீங்கள் மறுமடல் எழுதலாம், ஒப்புக்கொள்கிறேன். மனிதர்கள் தேவர்கள் என்று நான் எங்கும் சொல்லவில்லை.

கேள்வி: தனியாக வசிக்கும் 69 வயதுப் பெண் நான். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவனிடம் ஏமாந்து சேமிப்பின் ஒரு பகுதியை இழந்தேன். பிள்ளைகளிடம்கூட முழுத்தொகையைச் சொல்லவில்லை. என் பெற்றோர் காலத்தில் இத்தனை திருடர்கள் இருந்ததில்லை என்பதையாவது ஒப்புக்கொள்வீர்களா?

பதில்: அம்மா, உங்களுக்கு நேர்ந்தது திருட்டு, அதற்கு வெட்கப்பட வேண்டியவன் அவன். எத்தனை திருடர்கள் என்ற கணக்கை மட்டும் சற்று வேறு விதமாகப் பார்க்கச் சொல்கிறேன். உங்கள் பெற்றோர் காலத்து ஏமாற்றுக்காரன் வாசலுக்கு வரவேண்டும், முகத்தைக் காட்டவேண்டும், ஒரு நாளில் சில வீடுகளுக்கு மேல் ஏறி இறங்க முடியாது, ஒரு வீட்டில் பிடிபட்டால் அந்தப் பக்கமே தலைகாட்ட முடியாது. இன்றைய ஏமாற்றுக்காரன் நாற்காலியில் சாய்ந்தபடி ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்களை அழைக்கிறான். ஆயிரத்தில் ஒருவர் நம்பினாலும் அவனுக்கு ஆதாயம்தான். திருடர்கள் பெருகாவிட்டாலும், ஒரு திருடன் கைக்கு எட்டுபவர்கள் பெருகிவிட்டார்கள். அதனால்தான், சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் நல்லவர்களாகவே இருக்கும்போதும் உலகம் கள்வர்களால் நிரம்பியதாகத் தோன்றுகிறது. முகத்தையும் குரலையும் வைத்து ஆளை எடைபோடப் பழகிய உங்கள் தலைமுறைக்கு, அந்தத் திறமையே இங்கே பகையாகிறது: பணிவான குரல், பதற்றமூட்டும் செய்தி, அவ்வளவு போதும் அவனுக்கு.

வங்கிக்கும் காவல்துறைக்கும் இன்னும் புகார் கொடுக்கவில்லை என்றால் உடனே கொடுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு குறையும். இனி எந்த அழைப்பு வந்தாலும், அவசரப்படுத்தினால் துண்டித்துவிடுங்கள். பிறகு உங்கள் வங்கிப் புத்தகத்திலோ அட்டையின் பின்புறத்திலோ அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களாக அழைத்துக் கேளுங்கள். கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். உண்மையான வங்கி ஊழியர் அதைக் கேட்கமாட்டார். பிள்ளைகளின் குரலைப் போலவே பேசிப் பணம் கேட்கும் மோசடிகளும் வந்துவிட்டதால், குடும்பத்துக்குள் மட்டும் தெரிந்த அடையாளச் சொல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லைப் பேசி முடிவுசெய்யப் பிள்ளைகளோடு உட்காரும் அன்று, முழுத்தொகையையும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நேர்மை இருக்கட்டும். பெரியவர்களுக்குக் கீழ்ப்படிதல், அடக்கம், குடும்ப ஒற்றுமை போன்ற மரபான விழுமியங்கள் அழிந்துவிட்டன என்பதை மறுப்பீர்களா?

பதில்: சில அழிந்துவிட்டன; மறுக்கமாட்டேன். அவற்றில் எவற்றுக்காக அழவேண்டும் என்பதில்தான் நம் கருத்து வேறுபடலாம்.

சொந்தக் கதை ஒன்று. என் சிறுவயதில் எங்கள் எதிர்வீட்டில் ஒருவர் இருந்தார். என் தந்தை தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்துவிட்ட பணத்தை, இரவு நேரத்தில் மழையில் நனைந்தபடி வந்து திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனவர். நாற்பது ஆண்டுகளாக மேடைகளிலும் வீட்டிலும் அவரைத்தான் நாணயத்துக்கு உதாரணமாகச் சொல்லிவந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் வழக்கம்போல் சொல்லி முடித்தபோது என் தங்கை மெல்லக் கேட்டாள்: “அண்ணா, அந்த வீட்டு அம்மா நிமிர்ந்து பேசி நீ எப்போதாவது பார்த்திருக்கிறாயா? அவர் வரும் செருப்புச் சத்தம் கேட்டாலே கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடுவார்களே.” நான் பார்த்ததில்லை. நான் இருந்தது திண்ணையில். தங்கை போய்வந்தது அடுக்களைக்குள். அந்த மனிதர் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததும் உண்மை, அந்த அம்மாள் ஓடியதும் உண்மை. அன்று அந்த வீட்டின் ஒற்றுமையை ஊரே மெச்சியது.

பிள்ளைகளை அடித்து வளர்ப்பது அன்று கண்டிப்பு என்னும் விழுமியம். 1979-இல் சுவீடன் அதைச் சட்டத்தால் தடைசெய்த முதல் நாடானது. பிறகு பல நாடுகள் பின்தொடர்ந்தன. அந்தக் கீழ்ப்படிதல் போனதற்கு என்னால் கண்ணீர் சிந்த முடியாது. ஆனால் நோயாளியின் அருகில் இரவெல்லாம் ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருந்த வழக்கம் அருகிவருவதற்கு நான் வருந்துகிறேன். அங்கும்கூட, விழித்திருந்தவர்கள் பெரும்பாலும் பெண்களே என்பதை என் தங்கை நினைவூட்டுவாள்.

கேள்வி: கல்லூரி மாணவன் நான். தாத்தா எதற்கெடுத்தாலும் “அந்தக் காலத்தில்…” என்று தொடங்கிவிடுகிறார். எதிர்த்துப் பேசினால் அம்மா கோபிக்கிறார். பேசாமல் இருந்தால் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: தம்பி, இந்தப் பக்கத்தை மட்டும் அவரிடம் நீட்டிவிடாதீர்கள். புள்ளிவிவரத்தால் யாரும் தாத்தாவை வென்றதில்லை. அவர் தொடங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: “யார் தாத்தா அது?” அந்தக் காலம் என்று பொதுவாகச் சொன்னவர், ஓர் ஆளின் பெயரைச் சொல்லுவார்; அந்த ஆள் எங்கே குடியிருந்தார், என்ன வாங்கினார், எப்படித் திருப்பினார் என்று விவரம் வரும். அவருக்கு வேண்டியது அந்த முகத்தை மீண்டும் ஒருமுறை பார்ப்பதுதான். நீங்கள் கேட்டால் உங்களுக்கும் காட்டுவார். அது முடிந்ததும், அதே காலத்தில் அவரை நன்றாக ஏமாற்றியவன் யாராவது உண்டா என்று கேட்டுப் பாருங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, அந்தக் கதையை முன்னதைவிட உற்சாகமாகச் சொல்லுவார் என்பது என் ஊகம். நான் அப்படித்தான் சொல்லுவேன்.