தமிழ் வாக்கியத்துக்கு மரம் வரைவது

வணக்கம். முதுகலையில் ஆக்கமுறைத் தொடரியல் (வாக்கியங்கள் எப்படிக் கட்டப்படுகின்றன என்பதை விதிகளால் விளக்கும் மொழியியல் பிரிவு) படிக்கிறீர்கள், ஆங்கில வாக்கியத்துக்கு மரம், அதாவது அதன் அமைப்பைக் காட்டும் கிளைப்படம், வரைய முடிகிறது, தமிழ் என்றால் குழம்புகிறது என்று எழுதியிருந்தீர்கள். யாழ்ப்பாணத்தில் படித்தபோது நானும் இதே இடத்தில்தான் நின்றேன்.

முதலில் தலை, அதாவது ஒரு தொடரின் வகையைத் தீர்மானிக்கும் மையச் சொல், எந்தப் பக்கம் என்று பாருங்கள். 'அம்மா கூழ் காய்ச்சினா' என்பதில் 'கூழ் காய்ச்சினா' வினைத்தொடர். அதன் தலையான வினை கடைசியில் நிற்கிறது. 'அம்மா கூழ் காய்ச்சினா என்று தம்பி சொன்னான்' என்றால், 'என்று' உள்வாக்கியத்தின் தலை, அதுவும் கடைசியில்தான். ஆங்கிலத்தில் இரண்டும் முன்னால் வரும். கிளைகள் பக்கம் மாறுகின்றன, எது எதற்குள் அடங்குகிறது என்ற படிநிலை மாறவில்லை.

பிறகு 'பழைய புத்தகக் கடை'யை எடுங்கள். பழையது கடையா, புத்தகமா? இரண்டு மரமும் கையால் வரைந்து பாருங்கள். சொல்வரிசை ஒன்று, அமைப்பு இரண்டு. எனக்கு இந்தப் பாடம் பிடிபட்டதே அந்த மூன்று சொற்களால்தான், அதனால் இதை மட்டும் தவறவிடாதீர்கள்.

கட்டுக் கோட்பாடு (தன், அவன் போன்ற சொற்கள் வாக்கியத்தில் யாரைக் குறிக்கலாம் என்று சொல்லும் விதிகள்) வரும்போது 'தன்னை எல்லாரும் மெச்சினார்கள் என்று கண்ணன் சொன்னான்' என்பதைச் சோதியுங்கள். 'தன்னை' தன் வாக்கியத்தைத் தாண்டி வெளியே இருக்கும் கண்ணனைக் குறிக்கிறது. himself போன்ற ஆங்கிலத் தற்சுட்டுக்கு அது முடியாது. நீங்கள் வரைந்ததைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கிறேன்.